நாய்க்குட்டிக்கு என்னென்ன வேண்டும்?

"அம்மா, ஒரு நாய்க்குட்டி வளர்க்கட்டுமா?" இந்தக் கேள்வி எழாத வீடு உண்டா? கள்ளக்குறிச்சி நகரத்துத் தெருவானாலும் சரி, கல்வராயன் மலையில் வெள்ளிமலையை அடுத்த சிற்றூரானாலும் சரி, குட்டிக்கு ஆசைப்படாத பிள்ளைகள் இல்லை. மலையூர்களில் நாய் விளையாட்டுத் துணை மட்டும் அன்று. சாமைக் கொல்லைக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் இரவில் காட்டுப்பன்றி வந்தால், முதலில் குரல் கொடுப்பது அதுதான்.

சரி, அம்மா சம்மதித்துவிட்டார். குட்டி வரப்போகிறது. வீட்டில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்? கடைக்காரரைக் கேட்டால் மணி, சங்கிலி, பொம்மை, பவுடர் என்று அடுக்குவார். இயற்பியலைக் கேட்டால் வேறு ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவை உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கோத்து நிற்கும் நூல் ஒன்று உண்டு. அதுதான் வெப்பம்.

முதலில் ஒரு கணக்கு

பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தைக் குட்டி என்றும், பக்கம் 30 சென்டிமீட்டர் உள்ளதைத் தாய் நாய் என்றும் வைத்துக்கொள்வோம். சிறியதன் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர், கனஅளவு 1000 கன சென்டிமீட்டர். பெரியதன் மேற்பரப்பு 5400, கனஅளவு 27,000. ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் எவ்வளவு மேற்பரப்பு என்று வகுத்துப் பாருங்கள். சிறியதற்கு 0.6, பெரியதற்கு 0.2 என்று வரும்.

வெப்பம் உண்டாவது உடலின் உள்ளே. வெளியேறுவது மேற்பரப்பின் வழியே. ஆகவே குட்டி தன் உடற்பருமனுக்குத் தாயைவிட மூன்று மடங்கு தாராளமாக வெப்பத்தை இழக்கிறது. வளர்ந்த நாயின் உடல் வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பிறந்த முதல் வாரத்திலோ குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. நடுக்கம் என்பது தசைகளை அசைத்து வெப்பம் உண்டாக்கும் ஏற்பாடு அல்லவா? அந்த ஏற்பாடு அமையும்வரை தாயின் வயிறும் உடன்பிறந்த குட்டிகளின் நெருக்கமுமே அதற்கு அடுப்பு. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டி, வைக்கோல், சாக்கு

எட்டு வாரக் குட்டி ஓடும், குரைக்கும். ஆனாலும் முதல் இரவில் அழும். இதுவரை கிடைத்த தாயின் கதகதப்பும் அணைப்பும் அன்று இல்லை. அதற்கு ஓர் அட்டைப்பெட்டியோ மரப்பெட்டியோ போதும். உள்ளே வைக்கோலை நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு சாக்கை மடித்துப் போடுங்கள்.

வைக்கோல் எப்படிக் குளிரைத் தடுக்கிறது? உண்மையில் தடுப்பது வைக்கோல் அன்று. அதன் இடுக்குகளில் சிறைப்பட்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். சிமெண்டுத் தரை அதைவிட முப்பது மடங்குக்கு மேல் கடத்தும். வெறுந்தரையில் படுத்த குட்டியின் வெப்பத்தைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தண்ணீரும் அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே குட்டி நனைத்த வைக்கோல் படுக்கையாகாது. அதை அன்றன்றே மாற்றி, சாக்கை வெயிலில் உலர்த்த வேண்டும்.

குளிர் மிகுந்த இரவில் ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 50 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஆறும்போது 63,000 ஜூல் வெப்பத்தை விடுகிறது. அதே எடையுள்ள செங்கல் விடுவதைப்போல் இது ஏறத்தாழ ஐந்து மடங்கு. பாட்டிலை ஒரு மூலையில் வைக்கச் சொல்வது ஏன் தெரியுமா? சூடு மிகுந்தால் குட்டி தானே விலகிப் படுக்க மறுபக்கம் இடம் வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். சமவெளியைவிட 700 மீட்டர் உயர்ந்த ஓர் ஊரில் ஏறத்தாழ நாலரை டிகிரி குறைவு என்பது கணக்கு. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் போர்வை தேடும் மார்கழி விடியலில், மலைமேல் குட்டியின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

தண்ணீர்ச் சட்டி

சித்திரை வந்தால் கதை தலைகீழாகும். நமக்கு உடலெங்கும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். அது நாக்கைத் தொங்கவிட்டு விரைவாக மூச்சிரைத்து, நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடலிலிருந்து அவ்வளவு வெப்பம் போனால், அதன் வெப்பநிலை 0.7 டிகிரி அளவு இறங்கும். ஒரே ஒரு கிராம் செய்யும் வேலை இது! அந்தத் தண்ணீரை நாம்தான் வைக்க வேண்டும்.

அடி அகன்ற, கனமான மண்சட்டி இதற்கு மிகவும் ஏற்றது. ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் குட்டி மிதித்தாலும் எளிதில் கவிழாது. மண்ணின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாவதால் தண்ணீரும் குளிர்ந்திருக்கும். சட்டியை நிழலில் வைத்து, நாள்தோறும் கழுவி நிரப்புங்கள்.

உணவு

வெப்பத்தை விரைவாக இழக்கும் சிறு உடலுக்கு எரிபொருளும் அடிக்கடி வேண்டும். வயிறோ சிறியது. எனவே இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த இறைச்சி ஆகியவை போதும்.

பசும்பாலைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றுவது நல்லதன்று. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை குறைவு. பசும்பாலில் மிகுந்துள்ள அந்தச் சர்க்கரை செரிக்காமல் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லெட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கழுத்துப்பட்டை

மெல்லிய கயிற்றால் குட்டியைக் கட்டாதீர்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. அரை சென்டிமீட்டர் கயிறு, இரண்டரை சென்டிமீட்டர் பட்டையைவிட ஐந்து மடங்கு அழுத்தம் தரும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர வளரப் பட்டையைத் தளர்த்த மறவாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான பொருள்

இதுவரை சொன்னவற்றில் ஒன்றிரண்டு குறைந்தாலும் சமாளிக்கலாம். ஒன்று மட்டும் குறையவே கூடாது. அதுதான் வெறிநோய்த் தடுப்பூசி. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களால் வருகிறது. நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் வராமல் தடுப்பது எளிது. 1885-இல் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்தினார், அவன் பிழைத்தான். நம் மாநிலத்தில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கப்பட்டது.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ போன்ற நோய்களுக்கான ஊசியைத் தொடங்க வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசி, பிறகு அவர் சொல்லும் காலத்தில் தொடர் ஊசி. குடற்புழு மருந்தையும் அவரிடமே கேளுங்கள்.

இங்கும் வெப்பம் குறுக்கிடுகிறது. இந்தத் தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சூடேறினாலும் கெடும், உறைந்தாலும் கெடும். ஆதலால் அதைப் பனிக்கட்டி வைத்த தடித்த சுவர்ப் பெட்டியில் கொண்டு செல்கிறார்கள். அச்சுவரில் இருப்பதும் நுரையில் சிறைப்பட்ட வாயுதான். குட்டியின் பெட்டியில் உள்ள வெப்பத்தை வெளியே விடாமல் காத்த அதே தத்துவம், இங்கே வெளி வெப்பத்தை உள்ளே விடாமல் காக்கிறது.

மலையூர்க்காரர்களுக்கு ஒரு கேள்வி. மருந்தைச் சட்டைப்பையில் போட்டுக் குட்டியிடம் கொண்டு போவதா, குட்டியைக் கூடையில் வைத்து மருந்திடம் கொண்டு வருவதா? குட்டி தன் வெப்பநிலையைத் தானே காத்துக்கொள்ளும். மருந்தால் அது முடியாது. ஆகவே குட்டியைக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்வதே அறிவியல்.

"குட்டிதானே கடித்தது" என்று அலட்சியமாக இருக்காதீர்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். நாயோ குட்டியோ கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவ வேண்டாம். வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காமல் உடனே சொல்லி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே அளவான இரண்டு டப்பாக்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றைச் சிமெண்டுத் தரையிலும், மற்றொன்றை வைக்கோல் திணித்த பெட்டியிலும் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பள்ளி ஆய்வகத்து வெப்பமானியால் அளந்து வரைபடம் வரையுங்கள். மறுநாள் வெந்நீருக்குப் பதில் பனிக்கட்டி போட்டு, எது முதலில் உருகுகிறது என்று பாருங்கள். குட்டியின் படுக்கையும் தடுப்பூசிப் பெட்டியும் ஒரே பாடம் என்பது அப்போது விளங்கும். வரைபடத்தைச் சுவரில் ஒட்டும்போது, அதன் ஓரத்தில் உங்கள் குட்டிக்கு ஊசி போட வேண்டிய தேதியையும் பெரிதாக எழுதி வையுங்கள்.