இஸ்தோப்பில் இருத்தப்பட்ட பிள்ளைகள்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றிடம் என்னென்ன இழந்தீர்கள் என்று கேட்டால் பதில் தயக்கமின்றி வரும். வீடு, காணி, மாடு, விதைநெல், காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம். கிராம சேவையாளர் கொண்டுவரும் படிவத்திலும் இவற்றுக்குத்தான் இடம் விட்டிருக்கும். அக்குடும்பத்தில் பார்வையற்ற பிள்ளை ஒன்று இருந்தால் படிவத்தில் ஏறாத இன்னொரு இழப்பும் உண்டு. பழைய வளவில் வாசலிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு, வேலி எங்கே வளைகிறது, எந்த முடக்கில் யாருடைய நாய் குரைக்கும் என்பதெல்லாம் அப்பிள்ளையின் காலுக்கும் காதுக்கும் தெரிந்திருந்தன. ஊரை விட்டுக் கிளம்பிய அன்றே அந்த அறிவு முழுவதும் செல்லாக் காசாகிவிட்டது. நமக்குப் புதிய இடம் பழக ஒரு கிழமை போதும். அப்பிள்ளைக்கு யாராவது கூட நடந்து பழக்காவிட்டால் ஒரு வருடமானாலும் பழகாது.

இதை வாசிக்கும் உங்களில் பலர் இருமுறை, மும்முறை பெயர்ந்தவர்கள். 1977இலும் 1983இலும் மலையை விட்டு வன்னிக்குப் போய், காடு வெட்டிக் கழனியாக்கி, போரினால் அங்கிருந்தும் துரத்தப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் பறிகொடுத்தவர்களும் இருக்கிறீர்கள். எந்த வழியாக வந்திருந்தாலும், பார்வையற்ற பிள்ளைக்குப் புதிய இடத்தில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மூலைதான்.

றொசல்ல பக்கத்துத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். லயம் ஒரு மேட்டில். பீலிக்கரை கீழே. இடையில் மழையில் வழுக்கும் படி, குறுக்கே கான், கான் ஓரத்தில் தேயிலை. காலையில் அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள், அப்பா கவ்வாத்துக்கோ கூலி வேலைக்கோ போகிறார். பார்வையற்ற பிள்ளையை எங்கே விடுவது? இஸ்தோப்பில் இருத்தி, "எங்கயும் போயிறாத ராசா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள், பயத்தினாலும்தான். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஐந்து வயதில் இருத்திய பிள்ளைக்குப் பதினைந்து வயதாகிறது, இருபது வயதாகிறது. எதிரே பையன்கள் பந்தடிக்கும் சத்தம் கேட்கிறது. யாரும் கூப்பிடுவதில்லை. கிறிஸ்மஸுக்கும் தீபாவளிக்கும் சங்கங்கள் வந்து போர்வையொன்றைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போகின்றன. போர்வை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை, குளிர் கடுமையான இடந்தான். ஆனால் அந்தப் பிள்ளை போர்வைக்காகக் காத்திருக்கவில்லை.

எதற்கும் முன்னதாக ஒரு காரியம். பிள்ளையை ஒருமுறையேனும் அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். "குருடு" என்று ஊர் ஒதுக்கிவைத்தவர்களில் முழு இருட்டில் இருப்பவர்கள் குறைவு. வெளிச்சம் தெரிபவர், உருவம் தெரிபவர், மிக அருகில் பிடித்தால் எழுத்தே தெரிபவர் எனப் பலவகை உண்டு. சிலருக்குக் கண்ணாடி போதும், சிலருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை. உலகில் பார்வைக் குறைபாடுள்ள குறைந்தது 220 கோடிப் பேரில் 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கம் தொடங்கியதிலிருந்து வெளிநாடுகளுக்கும் கண் கொடுத்துவந்த நாடு நம்முடையது. அந்த நாட்டில், கண் வைத்தியரை ஒருநாளும் காணாமலே வளர்ந்த பிள்ளை லயத்தில் இருப்பது வெட்கத்துக்குரிய விடயம்.

வைத்தியர் செய்யக்கூடியது முடிந்தபின் மிச்சமிருக்கும் பிள்ளைக்கு என்ன வழி? நடையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். படிப்பு பிறகு தானாக வரும்.

நாம் பெரும்பாலும் செய்யும் தவறு, பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது, அல்லது பின்னால் நின்று தள்ளுவது. அவர் நம்மைப் பிடிக்க வேண்டும், நாம் அவரைப் பிடிக்கக்கூடாது. நமது முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொண்டு அரை எட்டுப் பின்னால் வந்தால், நமது உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒற்றையடிப் பாதை வந்தால் அந்தக் கையை நமது முதுகுப்பக்கம் மடக்கினால் போதும், அவர் நேர் பின்னால் வந்துவிடுவார். படி வரும்போது ஏறு படியா, இறங்கு படியா என்று சொல்ல வேண்டும். தனியே நடக்க வெள்ளைப் பிரம்பு. அது ஏறக்குறைய நெஞ்சளவு உயரம் இருக்க வேண்டும். இடது கால் முன்வைக்கும்போது பிரம்பு வலப்பக்கம் தொட வேண்டும், வலது கால் வைக்கும்போது இடப்பக்கம். அடுத்த எட்டு விழும் இடத்தைப் பிரம்பு முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. லயத்திலிருந்து பீலிக்கரை வரை இடுப்பளவில் ஒரு கயிறு கட்டிவிட ஒரு பிற்பகல் சிரமதானம் போதும். மழைநாளில் அந்தக் கயிறு பாட்டிமாருக்கும் உதவும்.

அடுத்தது விளையாட்டு. பார்வையற்றோர் கிரிக்கெட் 1922இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில், தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கி ஆடிய தொழிலாளர்களிடமிருந்து பிறந்தது என்பார்கள். இப்போது உள்ளே உலோகக் குண்டுகள் உருளும் பிளாஸ்டிக் பந்து பாவிக்கிறார்கள். பந்தைக் கீழ்க்கையால் தரையோடு விட வேண்டும். பந்து வீசுபவர் "தயாரா?" என்று கேட்டு, துடுப்பாடுபவர் "ஆம்" என்ற பின்பே வீசலாம். பதினொரு பேரில் நால்வராவது முற்றாகப் பார்வையற்றவராக இருக்க வேண்டும், அவர்கள் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். 1998இல் புதுடில்லியில் நடந்த முதலாவது உலகக் கிண்ணத்தில் இலங்கையும் ஆடியது. 2025 நவம்பரில் பார்வையற்ற பெண்களுக்கான முதலாவது இருபது ஓவர் உலகக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் நடந்தது. இந்தியப் பெண்கள் நேபாளத்தை வென்றார்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொன்னீர்களா?

விலை கொடுத்து விசேட பந்து வாங்க வேண்டும் என்றில்லை. சாதாரணப் பந்தைக் கடையில் கொடுக்கும் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் உருளும்போது சரசரக்கும். பார்வையுள்ள பையன்களில் சிலர் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்கட்டும். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு, விழுகை, கூச்சல். அதற்குப் பிறகு பாருங்கள், இஸ்தோப்பில் இருந்த பையன் எல்லோரையும்விட வேகமாகப் பந்தைக் கண்டுபிடிப்பான். ஊர் அவனைப் பார்க்கும் விதம் அந்த இடத்தில்தான் மாறுகிறது. "பாவம்" என்ற சொல் குறைந்து, பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள். கூட்டுப் பாடலுக்கும், தப்புக்கும், காமன் கூத்துப் பாட்டுக்கும் இதே பலன் உண்டு; காது கூர்மையான பிள்ளையை அங்கே சேர்க்காமல் விடுவது நமக்குத்தான் நட்டம்.

வேலையும் அப்படியே. நீங்கள் கமக்காரர்கள், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும். போஞ்சி ஆய்வது, பையில் மண் நிரப்பி நாற்று வைப்பது, புல்லறுத்த கட்டை மாட்டுக்குப் போடுவது, பால் கறப்பது எல்லாம் கைவேலை. பாத்தியின் நீளத்துக்கு ஒரு கயிறும், இடைவெளி அளக்க வெட்டுப் போட்ட ஒரு கம்பும் இருந்தால் லீக்ஸ் நாற்றை நேர்வரிசையில் நடலாம். சட்டியும் கத்தியும் எங்கே இருக்கின்றன என்பதுதான் கஷ்டம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் முழு வீட்டுக்கும் வந்தாக வேண்டும். ஒரு காம்பராவில் ஆறேழு பேர் இருக்கும் இடத்தில் இது இலேசல்ல என்பது எனக்குத் தெரியும்.

இனிப் படிப்பு. பிரான்சில் 1809இல் பிறந்த லூயி பிரெய்ல், தகப்பனின் குதிரைச் சேணப் பட்டறையில் ஊசி குத்திய காயத்தால் சிறு பிள்ளையாக இருக்கும்போதே பார்வையிழந்தார். அவர் பதினைந்து வயதில் உருவாக்கிய ஆறு புள்ளி எழுத்தில் இன்று தமிழும் எழுதலாம். ‘அ’வுக்கு ஒரு புள்ளி, ‘க’வுக்கு இரண்டு. சட்டத்தில் தாளைச் செருகி வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாக விரலால் வாசிக்க வேண்டும். நமது முன்னோர் பலர் புறப்பட்டுவந்த திருநெல்வேலிச் சீமையில், பாளையங்கோட்டையில், ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையில் மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது.

இவை பெரிய சேவை செய்தவை. ஆயினும் ஏழு வயதுப் பிள்ளையை மலையிலிருந்து இரத்மலானைக்கோ கைதடிக்கோ அனுப்பும் தாயின் மனதை நினையுங்கள். விடுமுறைக்கு வரும் பிள்ளை சொந்த லயத்தில் விருந்தாளியாகிவிடுகிறது. நான் நல்லது என்று கருதுவது, பிரெய்லும் நடையும் பழகும் வரை விசேட பாடசாலை, பிறகு அயல் பிள்ளைகளோடு அதே வகுப்பு. 1988இல் சுன்னாகத்தில் தொடங்கப்பட்ட வாழ்வகத்தில் தங்கி, அயலிலுள்ள சாதாரண பாடசாலைகளுக்குப் போய், பல்கலைக்கழகம் வரை சென்றவர்கள் உண்டு. போரும் இடப்பெயர்வும் நடந்த மண்ணில் அது முடிந்திருக்கிறது.

பாடசாலை அதிபர் "எங்களிடம் வசதி இல்லை" என்று சொல்லக்கூடும். அவரோடு சண்டை வேண்டாம், சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்க முடியாது. வேலையைப் பொறுத்தவரை, அரசாங்க வெற்றிடங்களில் 3 சதவீதம் இயலாமை உள்ளவர்களுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. நடைமுறையில் அது எவ்வளவு பேருக்குக் கிடைத்தது என்பதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்குத் தேவை வாசித்துக் காட்டும் ஒரு தோழன். மதுரையைச் சேர்ந்த பூரணசுந்தரி ஐந்து வயதளவில் பார்வையிழந்தவர். பெற்றோரும் நண்பர்களும் புத்தகங்களை வாசித்துக் காட்ட, காதால் படித்து, 2019ஆம் ஆண்டின் இந்தியக் குடிமைப் பணிப் பரீட்சையில் 286ஆம் இடம் பெற்றார். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவுசெய்து கொடுக்க எந்த மாணவனாலும் முடியும். வாசிக்கும் பிள்ளைக்கும் பாடம் மனதில் பதிந்துவிடும், அது தனி இலாபம். திரையில் உள்ளதைத் தொலைபேசியே வாசிக்கும் வசதியும் இப்போது உண்டு. கணினிக்கு என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும். 2006இல் அதை ஆரம்பித்த அவுஸ்திரேலிய இளைஞரும் அவரோடு சேர்ந்து வளர்த்த நண்பரும் பார்வையற்றவர்கள். சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமொன்றில் சந்தித்துச் சிநேகிதரானவர்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை இருந்தால், விண்ணப்பம் அனுப்பும்போதே பிரெய்ல் வினாத்தாள் வேண்டுமா, எழுத்துதவியாளர் வேண்டுமா, மேலதிக நேரம் வேண்டுமா என்பதை வைத்தியச் சான்றிதழோடு அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு அறிவித்துவிடுங்கள். பரீட்சை நெருங்கியபின் ஓடினால் தாமதமாகிவிடும். எழுத்துதவியாளரோடு சொல்லச் சொல்ல எழுதும் பழக்கம் சில மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். பக்கத்து லயத்தில் கையெழுத்து நல்ல ஒரு தங்கச்சி இருப்பாள், அவளிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.