லைன் வண்டியா, லோக்கல் வண்டியா? வீடு வந்து சேரும் கணக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதிய லாரி ஓடாத நெடுஞ்சாலை இந்தியாவில் இல்லை எனலாம். மும்பைவாசிகளான நமக்கும் அவற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. விரத நாட்களில் மராத்தியர் வீட்டுச் சாபுதானா கிச்சடிக்குச் சேலத்து ஜவ்வரிசி அந்த லாரிகளில் வருகிறது. திரும்பும்போது நாசிக் வெங்காயம் ஏறி நம் சொந்தபந்தங்களின் சமையலறைக்குப் போகிறது. நடுவில் அமர்ந்து ஸ்டியரிங் பிடிப்பவரின் வீட்டில் என்ன வேகிறது என்பதைத்தான் இக்கட்டுரை பார்க்கிறது.

நவி மும்பையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். அதனால் நம் இளைஞர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, லைன் வண்டிக்குப் போறதா, துறைமுகத்துல கண்டெய்னர் ஓட்டறதா? எதுல காசு நிக்கும்?" வாயால் பதில் சொல்லாமல், இரண்டு டிரைவர்களின் ஒரு மாதக் கணக்கை எழுதி வாங்கினேன். புரிவதற்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். முதலாளிக்கு முதலாளி இது மாறும். எல்லோருக்கும் பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லைன் வண்டிக்காரர்

முதலாமவர் கொங்கு நாட்டுக்காரர். குடும்பம் ஊரில், சொந்த வீட்டில் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து மும்பை சுமார் 1,250 கிலோமீட்டர். வருவதற்கு மூன்று நாள், இறக்கித் திரும்பு லோடு பிடிக்க இரண்டு மூன்று நாள், நாசிக் போய் ஏற்றி ஊர் சேர மீதி நாட்கள் என்று ஒரு நடைக்கு 12 நாள் ஆகிறது. மாதம் இரண்டு நடை. சம்பளமும் படியும் சேர்ந்து நடைக்கு ரூ. 16,000, மாதம் ரூ. 32,000.

"முப்பத்திரண்டாயிரம் வர்றது நெசந்தானுங்க அண்ணா. ஆனா ஊட்டுக்கு எவ்வளவு போகுதுன்னு எழுதிப் பாத்ததில்லீங்க" என்றார். எழுதினோம். சாப்பாடு நாளுக்கு ரூ. 450 வீதம் 24 நாளுக்கு ரூ. 10,800. டீ, குளியல், போன், சில்லறைக்கு நாளுக்கு ரூ. 100 வீதம் ரூ. 2,400. மூட்டை குறைந்தது, நனைந்தது என்ற பிடித்தமும் வழி மாமூலும் நடைக்கு ரூ. 1,000 வீதம் ரூ. 2,000. ஆக ரூ. 15,200 சாலையிலேயே கரைந்தது. வீடு சேர்ந்தது ரூ. 16,800. வீட்டில் இருந்தது ஆறு நாள். அதிலும் ஒரு நாள் பட்டறையில் போயிற்று.

கண்டெய்னர் வண்டிக்காரர்

இரண்டாமவர் நாவா ஷேவா துறைமுகத்துக்கும் சுற்றுவட்டாரக் கிடங்குகளுக்கும் ஓட்டுகிறார். 1989-ல் தொடங்கிய இந்தத் துறைமுகம் நம் இளைஞர்கள் பலருக்குச் சோறு போடுகிறது. மாதச் சம்பளம் ரூ. 20,000. படி நாளுக்கு ரூ. 250 வீதம் 26 நாளுக்கு ரூ. 6,500. ஆக ரூ. 26,500. காலையும் இரவும் வீட்டுச் சாப்பாடு என்பதால் வெளிச்செலவு நாளுக்கு ரூ. 200 தான்; மாதம் ரூ. 5,200. மிச்சம் ரூ. 21,300.

சம்பளத்தில் ரூ. 5,500 குறைந்தவர், கையில் நிற்பதில் ரூ. 4,500 கூடிவிட்டார். முதல் பாடம் இதுதான். வாங்குகிற பணத்தை ஒப்பிடாதீர்கள், வீடு வந்து சேரும் பணத்தை ஒப்பிடுங்கள்.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. இவருடைய குடும்பம் நம் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. வாடகை ரூ. 9,000 போனால் நிற்பது ரூ. 12,300 தான். ஊரில் சொந்த வீடு இருக்கும் லைன் வண்டிக்காரர் இப்போது ரூ. 4,500 முன்னால் போய்விட்டார்! ஆகவே எது லாபம் என்பது குடும்பம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குடும்பத்தை மும்பையில் வைத்துக்கொண்டு லைன் வண்டி ஓட்டினால் இரண்டு நஷ்டமும் ஒருசேர வரும். வாடகையும் கொடுத்து, வீட்டிலும் இல்லாமல் போவார்.

நேரத்துக்கும் விலை உண்டு

லைன் வண்டிக்காரர் தூங்கும்போதும் வேலையில்தான் இருக்கிறார். டீசலும் டயரும் சரக்கும் அவர் பொறுப்பு. 24 நாளை 576 மணி நேரமாகக் கணக்கிட்டால், கையில் நின்ற பணம் மணிக்கு ரூ. 29. மற்றவர் நாளுக்கு 14 மணி வீதம் 364 மணி உழைத்தார், மணிக்கு ரூ. 59.

அதற்காக அவர் குடும்பத்தோடு இருக்கிறார் என்று எண்ணிவிட வேண்டாம். துறைமுக வாசலில் வரிசை நின்றால் வீடு திரும்ப இரவு பத்து ஆகிவிடும். "அப்பா வந்துட்டுப் போனாரான்னு பையன் காலைல கேக்கறான் அண்ணா" என்றார் அவர் மனைவி. வீட்டில் படுப்பது வேறு, வீட்டில் இருப்பது வேறு. லைன் வண்டிக்காரரின் ஐந்து நாள் பகல் பொழுதையும், இவருடைய நாலு ஞாயிற்றுக்கிழமையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அதிகமில்லை.

மாறியவையும் மாறாதவையும்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. நடை நாட்கள் குறைந்தது நல்லதே. ஆனால் முன்பு ரோடு செலவுக்கு மொத்தமாகக் கையில் தந்த பணத்தில் மிச்சம் பிடித்த டிரைவருக்கு அந்த வழி அடைபட்டது. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் என்ற விதி 2018-ல் தளர்ந்தது. இரண்டாவது ஆளின் சம்பளம் முதலாளிக்கு மிச்சம். அவனுடைய தூக்கமின்மை முதல் ஆளுக்கு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்குக் குளிர்சாதன கேபின் கட்டாயம் என்பது ஆறுதலான செய்தி.

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லாமலில்லை. 1961-ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைவாக வைத்திருந்த முதலாளிகளை அது தானாகக் கட்டுப்படுத்தவில்லை. நம் லாரி முதலாளிகளில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வண்டிக்காரர்கள். 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. சட்டம் எதுவானாலும், சேரும்போதே பேசி எழுதிக்கொள்வதுதான் டிரைவருக்குக் காப்பு.

சேருமுன் கேட்க வேண்டியவை

படி நாள் கணக்கா, நடைக் கணக்கா? நடைக் கணக்கானால் லோடு இல்லாமல் கிடக்கும் நாளுக்கு என்ன தருவார்கள்? ஹால்டிங் பணம் முதலாளிக்கு வந்தால் அதில் டிரைவருக்குப் பங்கு உண்டா? சரக்குக் குறைந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு வரை? அபராதம் யார் கட்டுவது? மாதத்தில் எத்தனை நாள் விடுப்பு? இவற்றுக்கு வாயால் பதில் சொல்பவர், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடவும் தயங்கக் கூடாது. தயங்கினால் அதுவே பதில்.

சொந்த வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தவணை, இன்ஷூரன்ஸ், டயர், எஃப்.சி. ஆகியவற்றுக்கு மாதாமாதம் ஒதுக்கி, உங்களுக்கும் ஒரு டிரைவர் சம்பளம் எழுதிக்கொண்ட பிறகு நிற்பதுதான் லாபம். வண்டிக்கு எட்டு வயது ஆனபின் எஃப்.சி. ஆண்டுதோறும் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு ரூ. 20 கட்டினால், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு ரூ. 2 லட்சம் கிடைக்கும். 18 முதல் 70 வயது வரை சேரலாம். மே மாதக் கடைசியில் வங்கி தானாக அந்தப் பணத்தை எடுக்கும். அப்போது கணக்கில் இருப்பு இல்லையானால் காப்பீடு நின்றுவிடும். அவர் அந்த நேரம் கோலாப்பூரிலோ ஹூப்ளியிலோ வண்டியில் இருப்பார். இருபது ரூபாய் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.