மறைந்த சொல்லைக் காணல்

மறைந்திருக்கும் ஒன்றைத் தேடிக் காண்பதில் மக்களுக்கு இயல்பாகவே விருப்பம் உண்டு. விடுகதை இவ்விருப்பத்திற் பிறந்ததே. தொல்காப்பியம் அதனைப் ‘பிசி’ என்னும் பெயரால் குறிப்பிடுகின்றது. விடுகதையில் பொருள் மறைந்திருக்கும். சொல்லே மறைந்திருக்கும் விளையாட்டு ஒன்றும் இக்காலத்தில் உண்டு. அது இணையத்தின் வாயிலாக உலகெங்கும் நாள்தோறும் ஆடப்பெறுவது. அதன் பெயர் வேர்டில் என்பதாகும்.

இவ்விளையாட்டை அமைத்தவர் ஜாஷ் வார்டில் என்னும் கணிப்பொறி வல்லுநர். அவர் வேல்ஸ் நாட்டிற் பிறந்தவர்; அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் வாழ்ந்தவர். அவர்தம் வாழ்க்கைத் துணையாகிய பாலக் ஷா சொல் விளையாட்டுகளில் பெருவிருப்பம் உடையவர். அவர் மகிழும்பொருட்டே வார்டில் இதனை அமைத்தார். சொல் என்னும் பொருளுடைய ‘வேர்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் தம் பெயரையும் இணைத்து இதற்குப் பெயரிட்டார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000 உள. அவற்றுட் பல, வழக்கில் அருகியவை. ஆகவே, பலரும் அறிந்த சொற்கள் ஏறத்தாழ 2,300 மட்டும் விடைகளாக அமையுமாறு ஷா அவற்றைத் தெரிந்தெடுத்தார். 2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இவ்விளையாட்டு எல்லார்க்கும் பொதுவாயிற்று. நவம்பர் முதல் நாளில் இதனை ஆடியவர் 90 பேரே. இரண்டு திங்கள் கழித்து, 2022 ஜனவரி 2ஆம் நாளில் ஆடியவர் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர்! அந்த ஜனவரி முடிவிலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் நிறுவனம் இதனை விலைக்கு வாங்கியது.

இதனை ஆடும் முறை எளிது. நாள்தோறும் ஐந்தெழுத்துச் சொல் ஒன்று மறைத்து வைக்கப்பெறும். எல்லார்க்கும் அன்றைய சொல் ஒன்றே. ஆறு முயற்சிக்குள் அதனைக் கண்டுபிடித்தல் வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் பொருளுள்ள ஐந்தெழுத்துச் சொல் ஒன்றையே இடுதல் வேண்டும்; எழுத்துகளை மனம்போனவாறு கூட்டி இடுதல் கூடாது. சொல்லை இட்டவுடன் ஒவ்வோர் எழுத்தின் கட்டமும் மூன்று நிறங்களுள் ஒன்றைப் பெறும். பச்சையாயின், அவ்வெழுத்து விடையில் அதே இடத்தில் உள்ளது. மஞ்சளாயின், அவ்வெழுத்து விடையில் உண்டு. ஆயினும் இடம் வேறு. சாம்பல் நிறமாயின், அவ்வெழுத்து விடையில் இல்லை. இட்ட சொல்லில் ஓரெழுத்து இருமுறை வந்து, விடையில் அது ஒருமுறையே வருமாயின், இரண்டனுள் ஒன்றே பச்சையோ மஞ்சளோ பெறும். மற்றொன்று சாம்பலாய் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளங்கக் காணலாம். மறைந்த சொல், நீரைக் குறிக்கும் ‘வாட்டர்’ என்பது எனக் கொள்வோம். அதன் எழுத்துகள் முறையே டபிள்யூ, ஏ, டி, ஈ, ஆர் என்பன. இதனை அறியாத ஒருவன், கொக்கு வகையைக் குறிக்கும் ‘கிரேன்’ என்னும் சொல்லை முதலில் இடுகின்றான். அதன் எழுத்துகள் ஸி, ஆர், ஏ, என், ஈ என்பன. ஆர், ஏ, ஈ ஆகிய மூன்றும் மஞ்சள் ஆகின்றன. ஸி, என் ஆகிய இரண்டும் சாம்பல் ஆகின்றன. அவன் எண்ணிப் பார்க்கின்றான். ஈ, ஆர் என்னும் இரண்டும் அடுத்தடுத்து நின்று முடியும் சொற்கள் ஆங்கிலத்திற் பல. ஆகவே, பிறகு என்னும் பொருளுடைய ‘லேட்டர்’ என்பதனை இடுகின்றான். இப்பொழுது ஏ, டி, ஈ, ஆர் என்னும் நான்கும் பச்சை. முதலில் நின்ற எல் மட்டும் சாம்பல்.

முதலெழுத்து ஒன்றே எஞ்சியது. இந்நிலையில் விரைகின்றவன் ஸி என்னும் எழுத்தை முதலில் வைத்துக் ‘கேட்டர்’ என்று இட்டுவிடுவான். உணவு சமைத்து வழங்குதலைக் குறிக்கும் நல்ல சொல்லே அது. ஆயினும், ஸி இல்லை என்பது முதல் முயற்சியிலேயே தெரிந்துவிட்டதன்றோ? பச்சையைக் கண்ட மகிழ்ச்சியில் சாம்பலை மறந்தவன் ஒரு வாய்ப்பை வீணே இழக்கின்றான். மறவாதவனோ, எஞ்சிய எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ‘வாட்டர்’ என்னும் விடையை அடைகின்றான்.

இவ்விளையாட்டின் நுட்பம் இங்கேதான் உள்ளது. பொருந்தாத எழுத்தும் ஒன்றை அறிவிக்கின்றது. ஓர் எழுத்து இல்லை எனத் தெரிந்தால், அவ்வெழுத்துடைய சொற்கள் அனைத்தும் ஒருங்கே நீங்குகின்றன. தேடவேண்டிய பரப்புச் சுருங்குகின்றது. ஆதலின், முதற்சொல்லாக ஈ, ஏ, ஆர், டி போலப் பெருவழக்குடைய எழுத்துகள் பல அமைந்த சொல்லை இடுதல் நன்று. அவை இருப்பினும் பயன், இல்லையெனினும் பயன்.

சிலபொழுது பச்சை மிகுதியே இடர் விளைப்பதும் உண்டு. ஐ, ஜி, எச், டி என்னும் நான்கும் ஈற்றில் இம்முறையே பச்சையாய் அமைந்தன என்போம். முதலெழுத்து மாறுவதால் எயிட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என எட்டுச் சொற்கள் அவ்விடத்திற்கு உரியனவாகும். எஞ்சிய முயற்சியோ மூன்று அல்லது நான்கு. ஒவ்வொன்றாக இடுபவன் தோற்றாலும் தோற்பான். அறிவுடையவன் விடையாகாது எனத் தெரிந்தும், பண்ணைகளைக் குறிக்கும் ‘ஃபார்ம்ஸ்’ என்னும் சொல்லை இடுவான். அதில் எஃப், ஆர், எம், எஸ் என்னும் நான்கு எழுத்துகள் உள. அவற்றுள் ஒன்று நிறம் பெற்றால் விடை அப்பொழுதே தெரியும். ஒன்றும் பெறாவிடின் எட்டுச் சொற்கள் நான்காகக் குறையும். ஒரு முயற்சியை அறிவுக்கு விலையாகக் கொடுத்து வெற்றியைப் பெறும் முறை இது. எனினும், ‘கடின முறை’ என்பதனைத் தேர்ந்து ஆடுவோர், தெரிந்த குறிப்புகளை அடுத்த சொல்லிலும் அமைத்தே தீரவேண்டும் ஆதலின், அவர்க்கு இவ்வழி இல்லை.

ஒரு நாளைக்கு ஒரு சொல்லே என்பது இவ்விளையாட்டின் மற்றொரு சிறப்பு. ஆடி முடித்தவர் மேலும் ஆட விரும்பினும், புதிய சொல்லுக்கு மறுநாள் வரை காத்திருத்தல் வேண்டும். ஆகவே, இது கல்வியையும் கடமையையும் விழுங்குவதில்லை. தாம் விடை கண்ட வகையை நண்பர்க்குக் காட்ட விழைவோர் நிறக் கட்டங்களை மட்டும் அனுப்புவர்; எழுத்துகளை அனுப்பார். முயற்சி புலப்படும்; விடை புலப்படாது. பிறர் தாமே கண்டு மகிழவேண்டிய ஒன்றை வெளியிடாமல் காத்தலும் பண்பாடு அன்றோ?

தமிழ் மாணவரும் வகுப்பறையில் கரும்பலகையும் வண்ணச் சுண்ணக்கட்டியும் கொண்டு இவ்வகை விளையாட்டை ஆடலாம். ஆங்கில எழுத்துகள் 26. தமிழ் எழுத்துகளோ 247. ஆகவே, தமிழில் மூன்றெழுத்துச் சொல்லே போதிய கடினம் உடையது. ‘கடல்’ என்பது மறைந்த சொல்லாக, ஒருவன் ‘மடல்’ என்று கூறினால், பின்னுள்ள இரண்டும் பச்சை, ‘ம’ சாம்பல். இங்கே இலக்கணம் பெருந்துணை ஆகும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா என்பதனை அறிந்தவன், முதற்கட்டத்தில் அவற்றைத் தேடி அலையான். நூற்பாவாக மனனம் செய்த விதி, விளையாட்டில் கருவியாகப் பயன்படுதலை அவன் உணர்வான்.

கணக்கிலும் அறிவியலிலும் வாழ்விலும் முதல் முயற்சியிலேயே விடை காண்போர் மிகச் சிலர். பிழைபட்ட முயற்சியை நாணி மறைப்பவன் அதன் பயனை இழக்கின்றான். அதனை மீண்டும் நோக்கி, ‘இது அன்று’ எனத் தெளிந்தவன் உண்மைக்கு ஓரடி அணுகுகின்றான். சாம்பல் நிறக் கட்டம் மாணவர்க்கு நாள்தோறும் கற்பிக்கும் பாடம் இதுவே.