எந்த ஏட்டுக்கு அனுப்புவது?

கேளம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டிற்கு மாலை வேளைகளில் மருத்துவக் கல்லூரி மாணவர் சிலர் வந்து போவதுண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியனிடம் ஐயம் கேட்க அச்சம் எதற்கு? மதிப்பெண் போடும் அதிகாரம்தான் என் கையை விட்டுப் போய்விட்டதே! அவ்வாறு வந்த தம்பி ஒருவர், தமக்கு மின்னஞ்சலில் வந்த கடிதம் ஒன்றை ஒரு நாள் என்னிடம் காட்டினார். "பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று அது தொடங்கியது. அவரோ மூன்றாம் ஆண்டு மாணவர். தம் உலகப் புகழ் பெற்ற மருத்துவ ஏட்டிற்கு அவருடைய அரிய கட்டுரை தேவை என்றும், 72 மணி நேரத்திற்குள் அதனை ஏற்றுக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்கள். கட்டணச் செய்தி கடைசி வரியில், பொடி எழுத்தில் இருந்தது.

கோவளம், திருப்போரூர்ப் பக்கங்களிலிருந்து சிகிச்சைக்கு வந்த நீரிழிவு நோயாளிகள் 84 பேரின் பாதங்களை, மெல்லிய நைலான் இழையால் ஒவ்வோரிடமாகத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று அத்தம்பி சோதித்திருந்தார். உணர்ச்சி மங்கிய காலில் முள் தைத்தாலும் தெரியாது. புண் புரையோடிய பின்பே தெரியவரும். நல்ல உழைப்பு அது.

"ஐயா, இதற்கே அனுப்பிவிடலாமா? கட்டுரை அச்சில் வந்துவிடுமே!" என்றார்.

"வந்துவிடும். அதை யார் படிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் அதுவரை அதனை எண்ணிப் பார்த்ததில்லை. நேயர்களே, நம்மில் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்கேள்வியின் பொருள் விளங்க, இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள தாம்பரத்திற்குப் போவோம். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு ரயில் நிலையம் இருப்பதை அறிவீர்கள். டாக்டர் சௌரி முத்து என்பார் 1928ஆம் ஆண்டில் அங்கே நிறுவிய காசநோய் நிலையத்தால் வந்த பெயர் அது. அக்காலத்தில் காசநோய்க்குத் தூய காற்று, நல்ல உணவு, படுக்கையில் முழு ஓய்வு ஆகியவையே சிகிச்சை. நோயாளிகளோ இலட்சக்கணக்கினர், சானடோரியங்களில் இருந்த கட்டில்களோ அவர்களுள் மிகச் சிலருக்கே போதும். இடம் கிடைக்காதவர் என் செய்வது?

இதற்கு விடை தேடும் பொருட்டு 1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் கை கோத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை வழிநடத்தினார். சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திற்குச் சென்றனர். மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தனர். ஐசோநையசிடும் பி.ஏ.எஸ். மருந்தும் இரு சாராருக்கும் ஓராண்டு கொடுக்கப்பட்டன. ஆண்டின் முடிவில் இரு பிரிவினருக்கும் குணத்தில் பெரிய வேறுபாடு இல்லை! வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை என்பது அடுத்தடுத்து வந்த அறிக்கைகளால் தெளிவாயிற்று.

இத்துணைப் பெரிய செய்தியை அவர்கள் எங்கே வெளியிட்டார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் 'புல்லட்டின்' என்னும் ஏட்டில், 1959ஆம் ஆண்டு. அதில் தொண்ணூறு பக்கங்களுக்கு மேல் அக்கட்டுரை இடம் பெற்றது. நோயாளிகளைத் தேர்ந்த முறை, எக்ஸ்ரே படங்களைப் பார்த்த முறை, மருந்தை ஒழுங்காக உட்கொண்டார்களா என்று சோதித்த முறை அனைத்தும் விரிவாக அச்சேறின. ஐயமுள்ளவர் சரிபார்க்கலாம், குறை காண விரும்புபவர் காணலாம். காசநோயால் வாடிய ஏழை நாடுகளின் சுகாதார அதிகாரிகள் கையில் எடுக்கும் ஏடு அது. இதன் பின்னர் உலகெங்கும் வீட்டுச் சிகிச்சை முறை வேரூன்றியது. சானடோரியங்களின் தேவை குறைந்தது. இன்றும் அக்கட்டுரையை இணையத்தில் எவரும் காசு கொடாமல் படிக்கலாம். அந்த 193 பேர் அளித்த சளியும் இரத்தமும் பொறுமையும் வீண் போகவில்லை.

இனி அந்தத் தம்பிக்கு வந்த கடிதத்தின் உலகத்தைப் பார்ப்போம். நல்ல ஏடு ஒன்று கட்டுரையைப் பெற்றதும், அத்துறை வல்லுநர் இருவர் மூவருக்கு அனுப்பிக் குறை கேட்கும். அவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்கள். இதற்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும். போலி ஏடு இவ்வேலையைச் செய்யாமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஜான் பொஹானன் என்னும் பத்திரிகையாளர், வேண்டுமென்றே பெரும் பிழைகள் நிறைந்த புற்றுநோய்க் கட்டுரை ஒன்றைப் புனைந்து, 304 ஏடுகளுக்கு அனுப்பினார். 157 ஏடுகள் அதனை ஏற்றுக்கொண்டன! 2013இல் 'சயன்ஸ்' இதழில் அவர் இதனை எழுதியபோது, அந்த ஏடுகளுள் வேறெந்த நாட்டையும்விட மிகுதியானவை நம் நாட்டிலிருந்து நடப்பவை என்பதும் தெரியவந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம், கட்டணத்தை மறைத்தும் கட்டுரைகளைத் திரும்பப் பெற விடாமலும் ஆராய்ச்சியாளரை ஏமாற்றியதாக அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2019ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்துமாறு அதற்கு ஆணையிட்டது.

இவற்றையெல்லாம்விட என் நெஞ்சை வருத்திய கணக்கு வேறொன்று. கனடா நாட்டு டேவிட் மோஹரும் அவருடைய தோழர்களும் இத்தகைய ஏடுகளில் வந்த உயிர்மருத்துவக் கட்டுரைகள் 1,907ஐ எடுத்து ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டனர். இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட மனிதரின் தரவுகள் அவற்றில் புதையுண்டு கிடந்தன. கட்டுரையாளருள் நூற்றுக்கு 27 பேர் இந்தியர்.

நம்மவர் ஏன் இவ்வலையில் விழுகின்றனர்? அறியாமை பாதி, அவசரம் பாதி. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கை வேண்டும் என்று விதி வந்தால், எண்ணிக்கையை விற்பவன் தோன்றாமல் இருப்பானா? 2015இல் இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்கத்தக்க அட்டவணைகளைக் குறித்து ஒரு பட்டியல் தந்தது. தரம் ஐயத்திற்குரிய ஏடுகளை ஏற்கும் அட்டவணை ஒன்றும் அதில் இருந்ததால் மருத்துவ ஏட்டாசிரியர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பல்கலைக்கழக மானியக் குழு 2017இல் ஏடுகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, மறு ஆண்டே அதிலிருந்து நாலாயிரத்திற்கு மேற்பட்டவற்றை நீக்கியது. 2019இல் தொடங்கிய அடுத்த பட்டியலையும் 2025இல் கைவிட்டது. ஆகவே பட்டியலை மட்டும் நம்பி எவரும் கண்ணை மூடிக்கொள்வதற்கில்லை.

வேறு எதைப் பார்ப்பது? அட்டையில் ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது என்று சிலர் மகிழ்கின்றனர். அது வீட்டுக் கதவிலக்கம் போன்றது. உள்ளே இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. 'பப்மெட்' தேடுதளத்தில் கட்டுரை அகப்படுவதும், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் ஆய்ந்து தேர்ந்தெடுக்கும் 'மெட்லைன்' அட்டவணையில் ஏடு இடம்பெறுவதும் ஒன்றல்ல. முன்னதன் வாயில் அகலமானது. ஏட்டின் ஆசிரியர் குழுவில் உள்ளோர் உண்மையில் அப்பொறுப்பை ஏற்றவர்தாமா என்று எழுதிக் கேளுங்கள். தம் பெயர் அங்கிருப்பதே அறியாத பேராசிரியர்கள் உண்டு. கடந்த ஓராண்டின் இதழ்களை எடுத்து, உங்கள் துறைக் கட்டுரை ஒன்றை முழுதும் படியுங்கள். வேறெந்தச் சோதனையையும்விட இதனையே நான் நம்புகிறேன். கட்டணம் வாங்குவதாலேயே ஓர் ஏடு போலியாகிவிடாது. படிப்போரிடம் காசு வாங்காத நல்ல ஏடுகள் சில எழுதுவோரிடம் வாங்குகின்றன. ஆனால் அதனை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லும். நோயாளியின் சம்மதம் பெற்றீர்களா, அறநெறிக் குழுவின் ஒப்புதல் எங்கே, மருந்துச் சோதனையாயின் பதிவு எண் யாது என்றெல்லாம் தொல்லை கொடுக்கும் ஏட்டைக் கண்டால் அஞ்ச வேண்டா.

பெரிய ஏடுகளும் தவறுவதுண்டு. கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம், 'லான்செட்' வெளியிட்ட கட்டுரை ஒன்றின் தரவுகளை எவராலும் சரிபார்க்க இயலவில்லை. கேள்விகள் குவிந்தன, இரு வாரங்களுக்குள் கட்டுரை பகிரங்கமாக விலக்கிக்கொள்ளப்பட்டது. படிப்பவர் பலர் இருந்தமையால் பிழை அகப்பட்டது.

என் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இளமையில் நான் செய்த சிறு ஆராய்ச்சி ஒன்றை, அவசரத்தில் ஒரு மாநாட்டு மலருக்குக் கொடுத்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் வேறு மாவட்டத்து மருத்துவர் ஒருவர் அதே ஆராய்ச்சியை அடியிலிருந்து செய்து முடித்து என்னைச் சந்தித்தார். என் கட்டுரை அவர் கண்ணில் படவே இல்லை. அவருடைய நோயாளிகளும் என் நோயாளிகளைப் போலவே வீணில் ஊசி குத்திக்கொண்டனர்.

அத்தம்பி தம் கட்டுரையை, கிராமப்புற மருத்துவர்கள் படிக்கும் நம் நாட்டு ஏடு ஒன்றிற்கு அனுப்பினார். மூன்று மாதம் பதில் இல்லை. பின்பு பதினொரு கேள்விகளோடு திரும்பி வந்தது. செருப்பணிந்து நடப்பவர், வெறுங்காலோடு நடப்பவர் என்று நோயாளிகளைப் பிரித்துக் கணக்கிட்டீர்களா என்பது அவற்றுள் ஒன்று. அவர் பிரிக்கவில்லை. இப்போது ஞாயிறுதோறும் கோவளத்திற்குச் சென்று அந்த 84 பேரையும் ஒவ்வொருவராகத் தேடிக் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார். அறுபது பேரை இதுவரை கண்டுபிடித்துவிட்டார்.