மண்ணுக்குள் ஊர் இருப்பது எப்படித் தெரிகிறது?

கீழடியில் தொல்லியல் ஆய்வாளர்கள் தோண்டிய இடம் ஒரு தென்னந்தோப்பு. இடிந்த சுவர்கூட வெளியே தெரியவில்லை. பிறகு எதை நம்பிக் குழி போட்டார்கள்?

ஓட்டாஞ்சில்லை நம்பித்தான். மரம் மக்கும், இரும்பு துருப்பிடிக்கும். சுட்ட மண் அழியாது. உழும்போதும் கிணறு வெட்டும்போதும் அது மேலே வந்துவிடும். 2013-14இல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையிலான மத்தியத் தொல்லியல் துறைக் குழு வைகைக் கரையோரம் ஊர் ஊராகத் தேடி, 293 இடங்களைப் பட்டியலிட்டது. கீழடி அதில் ஒன்று. நிலத்தின் மேடும் ஒரு தடயம். மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தில் பழைய வீட்டின் இடிபாட்டின் மேலேயே புது வீடு எழும். அதனால் நிலம் மேடாகும். திடல், மேடு என்று பெயர் கொண்ட இடங்களை ஆய்வாளர்கள் விடுவதில்லை.

எந்தச் சில்லு பழையது? உட்புறம் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் இருந்தால் ஆய்வாளர்களின் கண் விரியும். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் புகாமல் கரி ஏறும். வெளியே காற்றுப்பட்டு மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். இரும்புக் காலத்திலும் சங்க காலத்திலும் இத்தகைய கலங்கள் ஏராளம்.

தோண்டுவது அதற்குப் பிறகுதான். அதில் என் மதிப்பில் மண்வெட்டியைவிட அளவுகோல் முக்கியம். ஒரு பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால், அதன் வரலாற்றில் பாதி போய்விடும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டைக் கார்பன் முறையில் சோதித்தார்கள். காலம் கி.மு. 580 என்று வந்தது. அந்த அடுக்கில் கிடந்த பானை ஓடுகளுக்கும் அதை வைத்தே வயது கணிக்கிறார்கள்.