ரசச் சொம்பில் எந்த ஈயம்?

ஈயச் சொம்பு ரசத்துக்கு ஈடு உண்டா என்பீர்கள், சகோதரிகளே! வாஸ்தவம்தான். ஆனால் ஈயத்தில் இரண்டு உண்டு. சொம்புக்கு உரியது வெள்ளீயம். அதில் மலிவான காரீயத்தைக் கலந்து விட்டாலோ, விஷம்!

ரசத்தின் புளிப்பில் அது கரைந்து இறங்கும். ருசியோ மணமோ காட்டிக் கொடுக்காது. பெரியவர்களைவிட 4, 5 மடங்கு வரை அதிகமாகக் குழந்தையின் உடல் அதை ஈர்த்துக் கொள்ளும். சோகை, சிடுசிடுப்பு, படிப்பில் மந்தம் எல்லாம் வரலாம். ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். "இவ்வளவு வரை பாதகமில்லை" என்ற அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

ஆகவே, சுத்த வெள்ளீயம் என்று சோதித்த அத்தாட்சி இல்லாத சொம்பு, பாட்டி தந்த சீராகவே இருந்தாலும், பரணில் ஏறட்டும். எவர்சில்வர் ரசம் குழந்தைக்கு இறங்காதா, என்ன?