ஸ்டார்ட்டர் மோட்டாரின் நோயும் காரணமும்

மோட்டார் வண்டியின் யந்திரம் தன் முதல் சுற்றைத் தானே சுற்ற வல்லதன்று. வேறொரு சக்தி அதனைச் சுழற்றிவிட்ட பிறகே பெட்ரோலும் காற்றும் உள்ளே புகுந்து, அழுத்தமுற்று, பற்றி எரிகின்றன. முன்னாளில் அந்த வேலையை மனிதனின் கை செய்தது. வண்டியின் முகப்பில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவார்கள். யந்திரம் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் இடம் பெற்று, அந்த அபாயத்தைப் போக்கிற்று. நம் சென்னையிலேயே, பாடியில், 1961-இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் இச்சாதனத்தைச் செய்து வருகிறது.

சாவியைத் திருப்பியதும் சோலனாய்டு என்னும் மின்காந்தம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தை முன்னே தள்ளி, யந்திரத்தின் பெரிய பற்சக்கரத்தோடு பொருத்துகிறது. பின்னர்ச் செம்புத் தொடுமுனைகளை இணைத்து, பாட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்குள் பாய விடுகிறது. சாதாரணப் பெட்ரோல் காரில் இது 100 முதல் 200 ஆம்பியர் வரை இருக்கும். சில விநாடி உழைப்பதற்கென்றே அமைந்த மோட்டார் இது. நீடித்து ஓடினால் தன் சூட்டிலேயே வெந்துபோகும்.

ஸ்டார்ட்டர் பல ஆண்டு உழைத்து ஒரு முறை பழுதானால், வயதின் காரணம் என்று கொள்ளலாம். புதிது புதிதாக மாற்றியும் மீண்டும் மீண்டும் பழுதானால், குற்றம் பெரும்பாலும் மோட்டாருக்கு வெளியே இருக்கிறது. ஆகவே, பழைய மோட்டாரை எறிந்துவிடாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த உறுப்பு கெட்டதோ அதுவே சாட்சி சொல்லும். சோலனாய்டின் தொடுமுனைகள் கருகியிருந்தால், வோல்ட் குறைந்து அவை படபடவென்று அடித்துக்கொண்டன என்று ஊகிக்கலாம். பினியனின் பற்கள் சிதைந்திருந்தால் பெரிய பற்சக்கரத்தையும் பொருத்தத்தையும் சோதிக்க வேண்டும். ஆர்மெச்சூரின் கம்பிச்சுற்று சிதறியிருந்தால், யந்திரம் ஓடத் தொடங்கிய பின்னும் பினியன் விலகாமல் நின்றது என்பது பொருள். சாவிச் சுவிட்சு ஒட்டிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். உள்ளே எண்ணெய் ஊறியிருந்தால், மேலே ஒழுகும் இடத்தை அடைக்காமல் புது மோட்டாரைப் பூட்டுவது வீண்.

மயிலாப்பூரில் என் அண்டை வீட்டார் ஒருவரின் கார், பதினான்கு மாதங்களில் மூன்று ஸ்டார்ட்டர்களை விழுங்கியது. மூன்றிலும் தொடுமுனைகளே கருகியிருந்தன. விளக்குகள் பிரகாசமாக எரிந்ததால், பாட்டரியிலும் கம்பிகளிலும் குறையில்லை என்று பழுதுபார்த்தவர்கள் முடிவு செய்துவிட்டனர். நான் வோல்ட் மீட்டர் ஒன்றைக் கொண்டு அளந்து பார்த்தேன். சும்மா இருக்கையில் பாட்டரி 12.6 வோல்ட் காட்டியது. சாவியைத் திருப்பி யந்திரம் சுழலும்போது பாட்டரியின் முனைகளில் 10.8, ஸ்டார்ட்டரிலோ 8.2 மட்டுமே. இடையில் 2.6 வோல்ட் எங்கே போயிற்று? நேர்முனைக் கம்பியில் 0.3 வோல்ட் இழப்பு, அது குற்றமன்று. எஞ்சிய 2.3 வோல்ட்டும் ‘எர்த்’ பக்கத்தில் மறைந்திருந்தது. யந்திரம் ரப்பர்த் தாங்கிகள்மேல் அமர்ந்திருப்பதால், அதனை வண்டியின் உடலோடு இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு. அது பச்சை பூத்து, பாதி இழைகள் அற்றுக் கிடந்தது.

அப்படியானால் விளக்குகள் எவ்வாறு எரிந்தன? ஓமின் விதியை நினைவுகொள்ளுங்கள். ஒரு கம்பியில் ஓர் ஓமின் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். 5 ஆம்பியர் பாயும்போது அது விழுங்குவது 0.1 வோல்ட்; கண்ணுக்கே தெரியாது. 150 ஆம்பியர் பாய்ந்தால் அதே தடை 3 வோல்ட்டை விழுங்கிவிடும். பாரம் ஏறாதபோது சோதித்தால் இந்தக் குறை அகப்படாது. வோல்ட் குறைந்ததால் மோட்டார் மெல்லச் சுழன்றது, யந்திரம் எளிதில் பற்றவில்லை, ஓட்டுபவர் சாவியை இன்னும் நேரம் பிடித்தார், சூடு ஏறியது. பட்டையை மாற்றி, பொருந்தும் இடத்தைப் பளபளக்கச் சுரண்டி இறுக்கியதும் இழப்பு 0.2 வோல்ட்டாகக் குறைந்தது. அதன் பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்தும் நான்காவது ஸ்டார்ட்டர் நலமாக உழைக்கிறது.

கடலையொட்டிய மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கிறது. தியாகராய நகரின் தெருக்களில் தேங்கும் மழைநீர், தாழ்வாக அமைந்த ஸ்டார்ட்டருக்குள் புகுந்து துருவேற்றுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கார்கள் பல மூழ்கின. நீரில் மூழ்கிய காரில் சாவியைத் திருப்பலாகாது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அழுங்காது. ஸ்டார்ட்டர் மட்டுமன்றி யந்திரத்தின் தண்டுகளும் வளைந்துவிடும்.

நல்ல வண்டியிலும் ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்க வேண்டாம். ஒரு நிமிஷம் ஆறவிட்டு மீண்டும் முயலுங்கள். உறுப்பை மாற்றுவது பழுதுபார்த்தலில் பாதி வேலையே. அது ஏன் கெட்டது என்று வினவி, அளந்து, விடை கண்ட பிறகே மறு பாதி முடிகிறது. பள்ளிக்கூடத்தில் நாம் கற்கும் ஓமின் விதி, தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் தெருவோரத்தில் நின்றுபோன வண்டிக்கும் பயன்படுகிறது.